கோயில் குளத்தின் அடியில் கான்கிரீட் போடலாமா?

வடக்குவீதி:
எங்கள் ஊர் திருவாரூர் பக்கம். சின்ன சிவன் கோயில், எதிரே குளம். அடுத்த வருடம் குடமுழுக்கு. உபயதாரர் ஒருவர் குளத்தைத் தூர்வாரி, அடியில் கான்கிரீட் போட்டு, கரையெல்லாம் டைல்ஸ் பதித்து, போர்வெல் தண்ணீரால் நிரப்பித் தருகிறேன் என்கிறார். கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

சின்ன வயதில் பிராகாரத்தில் தண்ணீர் நின்று பார்த்ததே இல்லை. போன ஐப்பசியில் ஒரே ராத்திரி மழை. காலையில் நந்தி பீடம் வரை தண்ணீர்; குருக்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். எதிரே குளத்திலோ பாதிப் படிக்கட்டு வெளியே தெரிந்தது! கான்கிரீட் போட்டால் இது சரியாகுமா, இன்னும் கெடுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காரைவீடு:
கான்கிரீட் வேண்டாம். நான் சிவில் படித்தவள், பழைய கட்டட வேலைதான் பார்க்கிறேன். குளத்துத் தண்ணீர் இறங்கித்தான் ஊர்க் கிணறுகளில் ஊறுகிறது. அடியை அடைத்தால் அது போச்சு. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது, குளம் காலியாக இருந்தால், தளத்தை அடியிலிருந்து தூக்கி விரிசல் விடவைக்கும்.

படித்துறைக் கல் இடுக்குகளில் சிமென்ட் பூசவும் விடாதீர்கள். கரை மண் குடித்த தண்ணீர் அந்த இடுக்கு வழியாகத்தான் கசிந்து வெளியேறும். அடைத்தால் பின்னாலிருந்து சுவரைத் தள்ளும். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரம் பிடிக்கும். அதனால் கொட்டுகிற மழை மொத்தமாகத்தான் கொட்டும், கரைக்கு அந்தச் சோதனை இனி அடிக்கடி வரும்.

தூர்வாருவதிலும் கவனம் வேண்டும். பொக்லைன்காரர் ஆழமாக வெட்டினால் பெருமை என்று நினைப்பார். பழைய களிமண் படுகையைக் கிழித்துவிட்டால் தண்ணீர் பத்து நாள்கூட நிற்காது.

மதகடி:
தம்பி, குளத்தை விடுங்கள், வரத்து வாய்க்கால் எங்கே? அதைச் சொல்லாமல் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். திருவாரூரில் 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி' என்பார்கள். வேலி என்றால் பழைய நில அளவு. ஓடையையும் சேர்த்துத்தான் கணக்கு. உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று தனிக் குழுவே வருகிறது, பராந்தக சோழன் காலம். நம் ஊர்களில் இப்போது டைல்ஸ் வாரியம் மட்டும்தான் இருக்கிறது.

அப்புறம், தெரு மட்டத்தையும் பாருங்கள். தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்திருக்கும், கோயில் பள்ளமாகியிருக்கும்.

வடக்குவீதி:
மதகடி ஐயா சொன்னதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரிடம் லெவல் டியூப் வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். வாசற்படியைவிடத் தெரு ஒன்றரை அடி உயரம்! வரத்து வாய்க்கால் தெருவுக்கு அடியில் ஒரு குழாயாக இருக்கிறது. அதன் வாயில் பிளாஸ்டிக் பையும் மண்ணும். குளத்துக்குப் போக வேண்டிய தண்ணீர்தான் கோயிலுக்குள் வந்திருக்கிறது. இத்தனை நாள் அந்தக் குழாய்மேல் நின்றுதான் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

காரைவீடு:
அப்படியானால் முதல் செலவு அந்தக் குழாய்க்கு. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அறிவுறுத்தியிருக்கிறார். அடுத்த முறை தெரு போடும் முன் அதைச் சொல்லி மனு கொடுங்கள். கோயில் நூறு வருடம் தாண்டியதா? அப்படியென்றால் அறநிலையத்துறையின் வல்லுநர் குழு பார்க்காமல் யாரும் கல்லில் கை வைக்கக் கூடாது. உபயதாரரிடம் பக்குவமாகச் சொல்ல அது ஒரு நல்ல சாக்கு.

வடக்குவீதி:
நூறு என்ன, மதிலில் கல்வெட்டே இருக்கிறது. அவரிடம் பேசிவிட்டேன் அக்கா. கான்கிரீட்டை விட்டுவிட்டார். வாய்க்காலுக்குப் பணம் தருவார், ஆனால் வாய்க்காலில் பெயர்ப் பலகை எங்கே வைப்பது என்று கேட்கிறார். மதகுக்குப் பக்கத்தில் ஒரு கல் நடலாம் என்றேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.