மே மாதம், கண்ணாடித் தண்ணீர்: ஸ்மால்மவுத் பாஸ் மீன் துரத்தி வருது, கொத்த மாட்டேங்குது

வடகரை கேட்டது:

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம், லேக் சார்லவாய் ஏரி. மே முதல் பாதி. தண்ணீர் 49 முதல் 51 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் 10 செல்சியஸ்). 12 அடி ஆழத்தில் கிடக்கும் கல்லைக்கூட எண்ணலாம், அவ்வளவு தெளிவு. 4 அங்குல சஸ்பெண்டிங் ஜெர்க்பெய்ட் (சுண்டி நிறுத்தினால் நடுத்தண்ணீரில் அப்படியே நிற்கும் செயற்கை மீன் இரை) வீசினால் இரண்டு மூன்று மீன் சேர்ந்து படகு வரை வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. 7 அடி மீடியம் ஸ்பின்னிங் ராட் (தூண்டில் கோல்), 2500 அளவு ரீல், 20 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு (பின்னல் நூல்), அதன் நுனியில் 3 அடி நீளத்துக்கு 12 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர் (தண்ணீரில் எளிதில் தெரியாத இணைப்பு நூல்). மாற்ற வேண்டியது நிறமா, இடமா?

கல்திட்டு:

ரெண்டும் இல்ல. துரத்தி வருதுன்னா இடம் சரி, நிறமும் போதும். லீடரும் நிறுத்துற நேரமும்தான் சந்தேகம்.

3 அடி லீடர் இந்தத் தண்ணிக்குப் பத்தாது, இரைக்கு மேலேயே பிரெய்டு பளிச்சுன்னு தெரியும். பிரெய்டை 10 பவுண்டுக்கு இறக்குங்க, 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் 10 அடி வைங்க. இவ்வளவு நீள லீடர்னா முடிச்சு ரீல் வரைக்கும் ஏறும். டபுள் யூனி முடிச்சு தடிமனா இருக்கும், வீசும்போது வளையத்துல தட்டி தூரம் குறையும். அதைவிட மெல்லிசான எஃப்ஜி முடிச்சு போடப் பழகிக்கோங்க. இறுக்கும் முன்னாடி எச்சில் தொட்டு நனைக்கணும். காஞ்ச முடிச்சு சூடாகி, பெரிய மீன் இழுக்குறப்பதான் அறும்.

இழுக்குற விதம்: ரெண்டு சுண்டு, நிறுத்து. 50 டிகிரியில 6 முதல் 10 நொடி வரைக்கும் மனசுக்குள்ள எண்ணுங்க. முக்கியமா, சுண்டின உடனே ராட் நுனியை இரை பக்கம் விட்டு லைனைத் தளர்த்தணும். லைன் விறைப்பா இருந்தா இரை நிக்காது, உங்களை நோக்கி ஊர்ந்துக்கிட்டே வரும். மீன் அதைப் பார்த்துட்டுத்தான் திரும்புது. கொத்துறது கையில தெரியாது. தளர்ந்த லைன் பக்கவாட்டுல நகரும், இல்லன்னா அடுத்த சுண்டுல கனமா இருக்கும்.

இன்னொண்ணு, அந்த இரை நிஜமா நிக்குதான்னு படகு ஓரமா போட்டுப் பாருங்க. குளிர்ந்த தண்ணி அடர்த்தி கூட. கோடையில அசையாம நின்ன இரை இப்போ மெல்ல மேலேறும். கனம் கூட்ட, முன்பக்க மூணுமுள் கொக்கித் தண்டுல சால்டர் கம்பியை (பத்தவைக்கிற மெல்லிய உலோகக் கம்பி) ரெண்டு சுத்து சுத்துங்க. மூக்கு லேசா கீழ பார்த்து நின்னா அருமை.

காற்றுப்பக்கம்:

மேலே சொன்னது சரி, ஆனால் தண்ணீர் பளிங்காக, காற்றே இல்லாமல் இருக்கும்போது ஜெர்க்பெய்ட் எடுப்பதே வீண். மேற்பரப்பில் சிற்றலை வந்த பிறகு எடுங்கள். அலை இருந்தால் மீனுக்கு இரையை ஆராய நேரம் கிடைக்காது.

அமைதியான வெயிலில் 1/16 அவுன்ஸ் மராபூ ஹேர் ஜிக் (கனத் தலைக் கொக்கியில் மென்மையான இறகு கட்டிய இரை), கறுப்பு அல்லது பழுப்பு. ஏழரை அடி மெல்லிய ராடும் 6 பவுண்டு லீடரும் இல்லாமல் இதைத் தூரம் வீச முடியாது. படகிலிருந்து குறைந்தது 80 அடியாவது போய் விழ வேண்டும். விழுந்ததும் ராடைச் சற்று உயர்த்திப் பிடித்து மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருங்கள். ஆட்டவே வேண்டாம், இறகு தானே மூச்சு விடும். கொத்தினால் வெட்டி இழுக்காதீர்கள், சுற்றிக்கொண்டே இருந்தால் கொக்கி தானே ஏறும். டிரோலிங் மோட்டாரை (படகை மெல்ல நகர்த்தும் சிறு மின்மோட்டார்) விட்டு விட்டு அழுத்துவதைவிடக் குறைந்த வேகத்தில் தொடர்ந்து ஓடவிடுவது நல்லது. அந்தத் திடீர் ஒலிதான் மீனைக் கலைக்கும்.

இடம் பற்றி: அந்த ஏரியில் சவுத் ஆர்ம் என்ற தெற்குக் கிளை ஆழம் குறைவு, முதலில் சூடாவது அதுதான். இரண்டு மூன்று நாள் வெயிலடித்து, ஒரே திசையில் இளங்காற்று வீசினால், காற்று மோதும் கரையில் இளஞ்சூட்டுத் தண்ணீர் சேரும். எதிர்க்கரையைவிட 2 டிகிரி கூடுதலாக இருந்தாலே மீன் அங்கே போய்விடும். கூழாங்கல் மணலைத் தொடுகிற இடம், பக்கத்திலேயே 15–20 அடிக்கு இறங்கும் சரிவு, இந்த இரண்டும் சேர்ந்த இடத்தை மதியத்துக்கு மேல் பாருங்கள். விடியற்காலையில் போய் நடுங்குவதில் அர்த்தமில்லை. இரவில் குளிர் இறங்கினால் மறுநாள் மீன் சரிவுக்கு நகர்ந்துவிடும், அப்போது மூன்றரை அங்குல டியூபில் (குழாய் போன்ற மென்பிளாஸ்டிக் இரை) 1/4 அவுன்ஸ் ஈயம் வைத்துத் தரையோடு மெல்ல இழுக்க வேண்டும்.

சிப்பிக்கல்:

டியூபை இழுக்க 8 பவுண்டு லீடர் வேண்டாம், 10 போடுங்கள். கல் முழுக்க ஸீப்ரா மஸல் சிப்பியின் ஓடு, கத்தி மாதிரி. நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை கடைசி இரண்டு அடியை விரலால் உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

ஒரு விஷயத்தை யாருமே சொல்லவில்லை. தண்ணீர் 58 டிகிரியைத் தாண்டினால் ஆண் மீன் சரளையைத் துடைத்துக் கூடு கட்டும். போலரைஸ்டு கண்ணாடி போட்டால் சோற்றுத் தட்டு அளவிலிருந்து முறம் அளவு வரை வெளிர் வட்டமாகத் தெரியும். முட்டையைக் காப்பது ஆண் மட்டும்தான். அதைத் தூக்கிப் படம் எடுத்து முடிப்பதற்குள் ரவுண்டு கோபி என்ற சின்ன மீன்கள் கூட்டமாக வந்து முட்டையைத் தின்றுவிடும். மிச்சிகனில் பாஸைப் பிடித்து உடனே விடுவது ஆண்டு முழுக்கச் சட்டப்படி சரிதான், எடுத்துப் போக மெமோரியல் டேக்கு (மே மாதக் கடைசித் திங்கள்) முந்தைய சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். சட்டம் அனுமதித்தாலும் கூட்டைக் காக்கும் மீனை விட்டுவிட்டு, இன்னும் கூடேறாமல் சரிவில் நிற்பவற்றைத் தேடுங்கள். பெரிய சினை மீன் பெரும்பாலும் அங்கேதான். கொக்கிகளின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டால் தண்ணீரிலேயே கழற்றிவிடலாம்.

வடகரை:

நன்றி. துரத்தி வந்து திரும்பும் மீனுக்கு இரண்டாவது ராடில் நெட் ரிக் (காளான் வடிவத் தலைக் கொக்கியில் கோர்த்த சின்ன மென்பிளாஸ்டிக் இரை) வைக்கலாமா?

கல்திட்டு:

கண்டிப்பா வைங்க. 1/10 அவுன்ஸ் காளான் தலை, மிதக்குற ரகத்துல 2.75 அங்குல இரை, கிரீன் பம்ப்கின் நிறம். மீன் திரும்பின திசையில 15 அடி தாண்டிப் போட்டு, தரை தொட்டதும் சும்மா விடுங்க. மிதக்குற ரகம் வாலைத் தூக்கி நிக்கும், கோபி மேயுற மாதிரி. ஆனா அந்த ரக இரையை டியூபோட ஒரே டப்பாவுல போடாதீங்க. ரெண்டும் வேற வேற பிளாஸ்டிக், ஒட்டி உருகிக் கூழாயிடும். அது வந்த பையிலேயே இருக்கட்டும்.