உப்புக் கரைசல் ஆறிவிட்டது, படிகம் வரவில்லை. அவசரம்!

கடைசிபெஞ்ச்:
வெந்நீரில் உப்பைக் கரைத்து ஆற வைத்தால் படிகம் வரும்னு மிஸ் சொன்னாங்க. நேற்று ராத்திரி வைத்தேன், நூல் கூடக் கட்டித் தொங்கவிட்டேன், காலையில் பார்த்தால் வெறும் தண்ணீர், அடியில் கொஞ்சம் மண் மாதிரி, அவ்வளவுதான். வியாழக்கிழமை காட்டணும். என்ன தப்பு?

மின்மினி:
எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு? கல் உப்பா, தூள் உப்பா? மூடி வைத்தீர்களா?

நாட்டுச்சர்க்கரை:
தண்ணீர்தான் காரணம். போர் தண்ணீரில் எங்கள் வீட்டில் பருப்பே வேகாது, படிகம் எங்கே வரப்போகிறது! ஆர்ஓ தண்ணீரில் செய்து பாருங்கள்.

கடைசிபெஞ்ச்:
ஒரு டம்ளர், நாலு ஸ்பூன். கல் உப்பு. பல்லி விழும்னு மூடித்தான் வைத்தேன்.

பழைய_ஆய்வகம்:
பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘கரைசல்கள்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்திருந்தால் இங்கே வரும் வேலையே இல்லை. 25 டிகிரியில் 100 கிராம் தண்ணீர் 36 கிராம் உப்பைக் கரைக்கும். டம்ளருக்கு நாலு ஸ்பூன் என்பது தெவிட்டாத கரைசல், அதாவது இன்னும் உப்பு கரைய இடமிருக்கிறது.

மின்மினி:
சார் சொல்வது சரி, ஆனால் தெவிட்டும்வரை போட்டாலும் ஆற வைத்து இந்த உப்பில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கொதிக்கிற தண்ணீரிலேயே 39 கிராம்தான் கரையும், ஆறினால் மூன்று கிராம் போல இறங்கும். பொட்டாசியம் நைட்ரேட் அப்படியில்லை, 60 டிகிரியில் 110 கிராம் கரைந்தது 20 டிகிரிக்கு வந்தால் 32 கிராம்தான் தங்கும், மீதியெல்லாம் படிகம். மிஸ் அந்த மாதிரி உப்பை நினைத்துச் சொல்லியிருப்பார். சாப்பாட்டு உப்புக்குத் தண்ணீர் வற்றணும். மூடியை எடுத்துவிட்டு மெல்லிய துணி கட்டுங்கள், பல்லி விழாது.

நாட்டுச்சர்க்கரை:
அயோடினும் காரணமா இருக்கலாமே?

பழைய_ஆய்வகம்:
அது பத்து லட்சம் பங்கில் 15, 30 என்ற கணக்கில் இருப்பது. சம்பந்தமே இல்லை.

உப்பளத்துக்காரன்:
தூத்துக்குடிப் பக்கம் உப்பைக் காய்ச்சி ஆற வைப்பதில்லை, எல்லாம் வெயில்தான். முதலில் ஜிப்சம் இறங்கும், அப்புறம்தான் உப்பு. அடியில் நின்ற மண் மாதிரிப் பொருள் கல் உப்போடு வந்ததாக இருக்கும். உப்பு வாரிய பிறகு மிஞ்சும் நீரில் மக்னீசியம் அதிகம். அதை வெளியேற்றாவிட்டால் உப்பு கசக்கும், மழைக்காலத்தில் கசியும்.

நாட்டுச்சர்க்கரை:
பாக்கெட் உப்பும்தான் ஐப்பசியில் கசிகிறது. அது சுத்தமானதுதானே?

பழைய_ஆய்வகம்:
காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான சோடியம் குளோரைடும் கசியும். ஐப்பசியில் தாண்டாமல் என்ன செய்யும்?

உப்பளத்துக்காரன்:
தாண்டும் சார், நான் இல்லையென்று சொல்லவில்லை. மக்னீசியம் குளோரைடு அதில் பாதி ஈரத்துக்கும் முன்னாலேயே கசிய ஆரம்பித்துவிடும், அதைத்தான் சொன்னேன். வீட்டில் ஜாடிக்குள் அரிசி போட்டு வைப்பது எதற்காம்?

மின்மினி:
ஜாடியை விடுங்கள், கேட்டவர் வியாழக்கிழமை காட்டணும். நேரமில்லை என்றால் நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் வாங்குங்கள். சுடுநீரில் கரைகிற அளவுக்குக் கரைத்து, சூட்டோடு வடிகட்டி, அசைக்காமல் ஆற விடுங்கள். 50 டிகிரியிலிருந்து 20க்கு இறங்கினால் அதன் கரைதிறன் பாதிக்கும் கீழே போய்விடும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) அழகாக வரும், ஆனால் விஷம், சமையலறையில் வேண்டாம்.

கடைசிபெஞ்ச்:
படிகாரத்தில் வந்துடுச்சு, நூல் முழுக்க! உப்பைத் துணி கட்டி மாடியில் வச்சிருக்கேன். தாங்க்ஸ்.

பழைய_ஆய்வகம்:
எத்தனை கிராம் எடுத்தீர்கள், எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுதினால்தானே அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்?

மின்மினி:
போயாச்சு சார்.