உதவி தேவை: ரசிகர் புனைவு ரோல்பிளேயில் வாசகர்களை எதுவரை உள்ளே விடுவது?

நீலத்தூவல்:
நாங்கள் நாலு பேர் ஒரு சரித்திர நாவலின் உலகத்தை வைத்து ரசிகர் புனைவு எழுதுகிறோம். ஆளுக்கொரு பாத்திரம், ரோல்பிளே மாதிரி முறை வைத்து எழுதுவோம். ஏழு மாதம் ஆகிறது. வாசகர்கள் பெருகியதும், "அடுத்து என்ன நடக்கும்? நீங்களே ஒரு பத்தி எழுதுங்கள்" என்று திறந்துவிட்டோம். வினை அங்கேதான் தொடங்கியது.

போன வாரக் காட்சியில் தளபதியின் மகள் உடைந்த கேடயத்தோடு வாசலில் நிற்கிறாள். எதிரி படியேறி வருகிறான். அங்கே நிறுத்தினோம். ஒரு வாசகர் எழுதினார்: "அவள் வாளை எறிந்துவிட்டு அவன் காலில் விழுந்து அழுதாள்." யார் முன்னாலும் தலைகுனியாதவளாக என் தோழி பார்த்துப் பார்த்து வளர்த்த பாத்திரம் அவள். அந்த வரியைப் படித்த நாளிலிருந்து தோழி எழுத உட்காரவே இல்லை. நீக்கினால் ஆசையாக எழுதியவர் மனம் நோகும். வைத்தால் தோழி விலகிவிடுவார். இரண்டு பேருமே எனக்கு வேண்டும். என்ன செய்வது?

கடைசிப்பக்கம்:
அடுத்தவர் பாத்திரத்தை அவர் சம்மதம் இல்லாமல் ஆட்டிவைப்பதை ரோல்பிளே ஆட்கள் காட்மாடிங் என்பார்கள். ஆனால் அந்த வாசகர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நீங்கள் கேட்ட கேள்வி அப்படி. "அடுத்து என்ன" என்றால் யாராக இருந்தாலும் கண்முன் நிற்கும் பெண்ணைத்தான் அசைப்பார்கள்.

அவளுக்கு என்ன நேர்கிறது என்பதை வாசகரிடம் விடுங்கள். அவள் என்ன செய்கிறாள், என்ன நினைக்கிறாள் என்பது தோழியிடமே இருக்கட்டும். "எதிரிக்குப் பின்னால் இருட்டில் என்ன சத்தம் கேட்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். குதிரைக் குளம்பு, குழந்தையின் அழுகை, எது வந்தாலும் அவள் அவளாகவே இருப்பாள்.

நீலத்தூவல்:
இனிமேலுக்கு இது சரி. ஏற்கெனவே விழுந்த வரிக்கு? இன்னொன்று, எப்போது கேட்டாலும் அதே இரண்டு பேர்தான் முந்திக்கொள்கிறார்கள்.

மழைக்குறிப்பு:
முந்துவதற்கு மருந்து, முதலில் வந்ததை எடுக்காமல் இருப்பது. 48 மணி நேரம் திறந்து வையுங்கள், பிறகு தேர்ந்தெடுங்கள். வந்த வரிசை கணக்கில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2009இல் தொடங்கிய ஹோம்ஸ்டக் இணையக் காமிக்ஸ் வாசகர் தரும் கட்டளைகளை எடுத்துத்தான் முதலில் நகர்ந்தது. கூட்டம் பெருகியதும் அதன் ஆசிரியர் அந்த வழியை மூடிவிட்டார். நீங்கள் மூடவேண்டிய அளவுக்கு இன்னும் போகவில்லை.

விழுந்த வரியை நீக்க வேண்டாம். 2007இல் பெங்குயின் பதிப்பகமும் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து, யாரும் திருத்தக்கூடிய விக்கி நாவல் ஒன்றை நடத்தின. ஒருவர் கதையெங்கும் வாழைப்பழத்தைப் புகுத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் வாழைப்பழப் பதிப்பு என்று தனியாகவே ஒன்று உருவானது. நீங்களும் கிளைக்கதை என்று ஓர் இடம் ஒதுக்கலாம்.

கடைசிப்பக்கம்:
கிளைக்கு அனுப்புவது எனக்குக் கடைசி வழி. ஒதுக்கப்பட்டது போல அவருக்குத் தோன்றும். அந்த வரியை எதிரியின் தலைக்குள் வைத்தால் என்ன? அவள் காலில் விழுவாள் என்று அவன் எதிர்பார்த்து வந்திருக்கலாமே. முதலில் தோழியிடம் கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்டால், கதைக்கு வெளியே பேசும் (( )) குறிக்குள் வாசகரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நீலத்தூவல் (நான்கு நாள் கழித்து):
தோழி எழுதிவிட்டார்! அப்படியே தருகிறேன்:

"வாளை எறிந்துவிட்டுக் காலில் விழுந்து அழுவாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான். அவள் கேடயத்தின் உடைந்த பாதியைப் படியில் வைத்தாள். 'இதைத் தாண்டி வா' என்றாள்."

அந்த வாசகர் அன்றே வந்து, தன் வரி உள்ளே இருப்பதைப் பார்த்து மகிழ்ந்துபோனார். எதிரியின் விளக்கைப் பிடித்துவரும் வீரனைத் தானே எழுதலாமா என்று கேட்டார். சரி என்றோம். இப்போது இன்னொரு சந்தேகம்: அடுத்த சண்டையில் அந்த வீரன் சாகவேண்டும் என்று நாங்கள் நாலு பேரும் நினைக்கிறோம். அதை நாங்களே எழுதலாமா?

கடைசிப்பக்கம்:
கூடாது. அம்பை நீங்கள் எய்யுங்கள். பட்டதா, தப்பியதா என்று அவர் எழுதட்டும்.