யூதர்களோடு செய்த உடன்படிக்கை முடிந்துவிட்டதா? எபிரெயர் 8:13, ரோமர் 11:29

கேள்வி:
எங்கள் வேதபாட வகுப்பில், தேவன் மோசே மூலம் இஸ்ரவேலரோடு செய்த பழைய உடன்படிக்கை உருவழிந்துபோகக் காலம் சமீபித்திருக்கிறது என்னும் எபிரெயர் 8:13ஐக் காட்டி, யூதர்களின் இடத்தைத் திருச்சபை எடுத்துக்கொண்டது என்று விளக்கினார்கள். ஆனால் ரோமர் 11:29இல், அதே இஸ்ரவேலரைக் குறித்துப் பேசும்போது, தேவனுடைய அழைப்பு மாறாதது என்கிறார் பவுல். இரண்டையும் எப்படிச் சேர்த்து வாசிப்பது? அறிந்தவர்கள் விளக்குமாறு வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
சகோதரரே, எபிரெயர் நிருபத்தின் அந்தப் பகுதி ஆசாரியத்துவம், கூடாரம், பலி ஆகியவற்றைப் பற்றியது. ஒரு ஜனத்தை நீக்கிவிட்டு வேறொரு ஜனத்தை வைப்பது அங்கே பேச்சே இல்லை. அது எடுத்துக்காட்டும் எரேமியா 31:31இலும் புது உடன்படிக்கை இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும்தான் செய்யப்படுகிறது.

ரோமர் 11இல் இஸ்ரவேலை ஒலிவமரமாகக் காட்டும் பவுலின் உவமையை நிதானமாகப் பாருங்கள். ஒட்டு மாங்கன்று கட்டுகிறவர்கள் நாட்டு மாவின் தண்டில் நல்ல ரகத்தின் தளிரை வைத்துக் கட்டுவார்கள்; கனி தளிரின் குணத்தையே கொண்டிருக்கும். பவுல் இதைத் தலைகீழாக்கி, காட்டு ஒலிவக் கிளையை நல்ல மரத்தில் ஒட்டுகிறார். அது சுபாவத்துக்கு விரோதமானது என்று 24ஆம் வசனத்தில் அவரே சொல்கிறார். ஒட்டப்பட்ட கிளை யூதரல்லாத புறஜாதியாராகிய நாம். வேரை நாம் சுமக்கவில்லை, வேர்தான் நம்மைச் சுமக்கிறது என்று அவர் எச்சரித்த பிறகும், மரமே நம்முடையது என்று கற்பிப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மறுமொழி 2:
நான் கத்தோலிக்கன். நெடுங்காலம் எங்கள் திருச்சபையிலும் அந்த எச்சரிக்கை மறக்கப்பட்டிருந்தது. பிரான்சிலுள்ள ஸ்திராஸ்பூர்க் பேராலயத்தின் தெற்கு வாயிலில் 13ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட இரு பெண் உருவங்களில், முடிசூடி நிமிர்ந்து நிற்பவள் திருச்சபை. கண்கள் கட்டப்பட்டு, ஒடிந்த ஈட்டியைப் பிடித்தபடி தலைகுனிந்து நிற்பவள் யூதத் தொழுகைக்கூடம். யூதர்களைக் கடவுளால் கைவிடப்பட்டவர்களாகவோ சபிக்கப்பட்டவர்களாகவோ காட்டலாகாது என்று கத்தோலிக்க ஆயர்களின் உலகளாவிய கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட 'நோஸ்ட்ரா ஏட்டாட்டே' அறிக்கை சொன்னது. உரோமையர் (ரோமர்) 11இன் அதே ஒலிவமரத்தை அதிலும் காணலாம். 1980இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் யூதர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பழைய உடன்படிக்கையைக் கடவுள் ஒருபோதும் திரும்பப் பெறவில்லை என்றார்.

மறுமொழி 3:
யூதர்களின் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். பிற இனத்தார் இறைவனுக்கு உகந்தவர்களாக வாழ கொலை, விக்கிரக வழிபாடு முதலியவற்றை விலக்கும் நோவாவின் ஏழு கட்டளைகள் போதும், சீனாய் மலையில் இஸ்ரவேலரோடு செய்யப்பட்ட உடன்படிக்கைக்குள் வரவேண்டியதில்லை என்பது யூத மத போதகர்களாகிய ரபிமார்களின் போதனை. ஆகவே, தங்கள் இடத்தில் இன்னொருவர் வந்துவிட்டார் என்னும் பேச்சுக்கே அவர்களுடைய இறையியலில் இடமில்லை. எரேமியா 31ஐயும் அவர்கள் தொடர்ந்து வாசிக்கிறார்கள். எபிரெயர் 8இல் உள்ள மேற்கோள் 34ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு அடுத்த இரண்டு வசனங்களில், சூரியனுக்கும் சந்திரனுக்கும் நட்சத்திரங்களுக்கும் விதித்த நியமங்கள் ஒழிந்துபோனால்தான் இஸ்ரவேல் சந்ததியும் ஒரு ஜாதியாக இராமல் அற்றுப்போகும் என்று கர்த்தர் சொல்லுகிறார். உங்கள் வகுப்பில் அடுத்த முறை அந்த இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.