கேஸ் கட்டுகளை டிஜிட்டலாக்கி வீட்டிலிருந்தும் வேலை: எதில் தொடங்குவது?

பச்சை_மை:
எங்கள் வக்கீல் அலுவலகத்தில் ஆறு வழக்கறிஞர்கள், மூன்று குமாஸ்தாக்கள். நடப்புக் கட்டுகள் 400 இருக்கும். முடிந்த கட்டுகள் பரண் நிறைய. வாரத்தில் இரண்டு நாள் ஜூனியர்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்கட்டும் என்று முடிவாகியிருக்கிறது. இப்போது யாராவது ஆவணம் கேட்டால் குமாஸ்தா போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ஒரே மனு நாலு பேரிடம் நாலு விதமாகக் கிடக்கிறது. வழக்கு மேலாண்மை மென்பொருள் வாங்கிவிடலாம் என்கிறார் சீனியர். மென்பொருளில் தொடங்குவதா, ஸ்கேனிலா? சொந்த சர்வரா, கிளவுடா?

கட்டு_எண்_17:
பெயர் வைப்பதில் தொடங்குங்கள் சார். தாறுமாறாகக் கிடக்கும் ஃபோல்டர்களை எந்த மென்பொருளில் ஏற்றினாலும் தாறுமாறாகவே இருக்கும்.

ஒவ்வொரு வழக்குக்கும் ஓர் அலுவலக எண் கொடுங்கள். அதே எண் காகிதக் கட்டின் மேலட்டையிலும் இருக்கட்டும். உள்ளே மனுக்கள், ஆவணங்கள், உத்தரவுகள், கடிதங்கள், கணக்கு என்று ஐந்து ஃபோல்டர் போதும். கோப்பின் பெயர் ஆண்டில் தொடங்க வேண்டும்: 2025-03-14_எதிருரை_வரைவு2. அப்போதுதான் தானாகவே தேதி வாரியாக அடுக்கிக்கொள்ளும். ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’ என்று பெயர் வைக்க யாரையும் விடாதீர்கள்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் நீளத்தைக் கவனிக்கணும். லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சேமிப்புப் பெட்டிகளில் ஒரு கோப்பின் பெயருக்குப் பொதுவாக 255 பைட்தான் (பைட் என்பது கணினிச் சேமிப்பின் சிறு அலகு) எல்லை. யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தமிழில் ‘க’ 3 பைட், ‘கு’ 6 பைட். ஆகவே கட்சிக்காரர் பெயர், எதிர்த்தரப்பு, மனுவின் தலைப்பு எல்லாவற்றையும் ஒரே பெயரில் திணித்தால் நகல் எடுக்கும்போது அந்தக் கோப்பு மட்டும் விடுபடும். விண்டோஸில் ஃபோல்டர் வரிசையும் சேர்த்து 260 எழுத்து என்ற பழைய வரம்பு இன்னும் பல நிரல்களில் இருக்கிறது.

இன்னொன்று: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த மனுக்கள் திரையில் தமிழாகத் தெரிந்தாலும் தேடினால் அகப்படாது. அடுத்தடுத்த வழக்குகளில் எடுத்தாளும் மாதிரி மனுக்களையாவது யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

ஸ்கேனுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். தட்டச்சுப் பக்கங்களுக்குக் கறுப்பு வெள்ளை. மங்கிய முத்திரை, பென்சில் குறிப்பு உள்ளவற்றுக்குக் கிரேஸ்கேல் (சாம்பல் நிறச் சாயல்களோடு). ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக்கும் நிரல்) ஓட்டி, நெடுநாள் வைக்க வேண்டியதை பிடிஎஃப்/ஏ என்ற ஆவணக்காப்பு வடிவில் சேமியுங்கள். கையெழுத்துப் பக்கங்களில் ஓசிஆரை நம்ப முடியாது. கோப்புப் பெயரிலேயே அது என்ன ஆவணம் என்று தெரியணும்.

அதிகம் தவறுவது பக்கத்தின் பின்புறம். பத்திரத்தின் முத்திரையும் மேற்குறிப்பும் பல நேரம் அங்கேதான் இருக்கும். ஸ்கேனரில் ‘வெற்றுப் பக்கத்தை விட்டுவிடு’ என்ற அமைப்பு ஓடிக்கொண்டிருந்தால், மங்கலான முத்திரை உள்ள பின்பக்கத்தையும் வெற்றுத்தாள் என்று தள்ளிவிடும். அதை அணைத்துவிட்டு இருபுறமும் எடுங்கள். ஸ்கேன் செய்தவரே சரிபார்க்கக் கூடாது. இன்னொருவர் பக்கங்களை எண்ணி ஒப்பிடட்டும்.

ஒரு தேதி குறியுங்கள். அன்றுமுதல் வரும் புது வழக்குகள் முழுக்க டிஜிட்டல். நடப்புக் கட்டுகளை அடுத்த வாய்தா வரும் வரிசையில் எடுங்கள். பரணில் உள்ளவற்றை யாராவது கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம். ஸ்கேன் ஆயிற்றே என்று மூல ஆவணத்தைக் கழிக்காதீர்கள். உயில், பத்திரம், கையெழுத்திட்ட ஒப்பந்தம் எல்லாம் எந்த அலமாரியில், யார் பொறுப்பில் என்று தனிப் பதிவேடு வேண்டும்.

பூட்டுச்சாவி:
ஒன்பது பேருக்குக் கிளவுடே நல்லது. சொந்த சர்வர் வைத்தால் அதைத் தவறாமல் அப்டேட் செய்ய ஒரு ஆள் வேண்டும். ஒப்பந்தம் போடும் முன் கேளுங்கள்: தரவு எந்த நாட்டில் இருக்கும், நீங்கள் விலகினால் எந்த வடிவில் திருப்பித் தருவார்கள், யார் எதைத் திறந்தார்கள் என்ற பதிவு கிடைக்குமா.

எல்லாக் கணக்குக்கும் இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு போனில் வரும் குறியீடும்). எஸ்எம்எஸ்-ஐ விட அங்கீகாரச் செயலி பாதுகாப்பானது. போன் தொலைந்தால் உள்ளே போவதற்கான மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு அலுவலகப் பெட்டகத்தில் வையுங்கள். அலுவலகக் கணினியை வீட்டிலிருந்து இயக்கணும் என்றால் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை (அந்த இணைப்பு உள்ளே வரும் வாசலை) இணையத்துக்குத் திறந்துவிடவே கூடாது. விபிஎன் (குறியாக்கம் செய்த தனி இணைப்பு) வழியாக மட்டும்.

ஜூனியர்களுக்கு அலுவலக மடிக்கணினி கொடுங்கள், வட்டைக் குறியாக்கம் செய்து (கடவுச்சொல் இல்லாதவர் படிக்க முடியாதபடி). வீட்டுப் பொதுக் கணினி வேண்டாம். வாட்ஸ்அப் படங்கள் தானாக கேலரிக்கும், அங்கிருந்து அவரவர் சொந்தக் கிளவுட் கணக்குக்கும் போய்ச் சேர்வதை யாரும் கவனிப்பதில்லை. கட்சிக்காரரின் ரகசியம் அப்படித்தான் கைமீறுகிறது.

மூன்றாம்_பிரதி:
கிளவுடில் இருப்பதால் பேக்கப் ஆயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். சிங்க் (எல்லாக் கணினியிலும் ஒரே பிரதியாகத் தானாக ஒத்திசைப்பது) என்பது அழிவையும் சிங்க் செய்யும்: ஒருவர் ஃபோல்டரை அழித்தால் ஒன்பது கணினியிலும் போகும், ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்) பூட்டிய கோப்புகளும் அப்படியே மேலேறும். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில். அதில் ஒன்றாவது நெட்வொர்க்கில் இணைக்காத வட்டாக இருக்கணும். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் பரவியபோது டிஎல்ஏ பைப்பர் போன்ற உலகளாவிய சட்ட நிறுவனத்திலேயே மின்னஞ்சலும் தொலைபேசியும் முடங்கின.

மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு கட்டை பேக்கப்பிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

பச்சை_மை:
மிக்க நன்றி. வாய்தா டைரியை கூகுள் காலண்டருக்கு மாற்றலாமா? எதிர்த்தரப்புக்கு அனுப்பும் பிடிஎஃப்பில் சில வரிகளை மறைக்க கறுப்புக் கட்டம் போடுகிறோம், அது போதுமா?

கட்டு_எண்_17:
காலண்டருக்கு மாற்றலாம். ஆனால் வாய்தாவும் காலவரையறையும் (தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாள்) தனித்தனி நிறத்தில் இருக்கட்டும். காலவரையறையை ஒருவர் கணக்கிட்டு இட, இன்னொருவர் சரிபார்க்கணும். நினைவூட்டல் 30, 7, 1 நாள் முன்பு. கடைசி நாளை ‘முழு நாள்’ நிகழ்வாகப் போடுங்கள். இரவு 11.59 என்று நேரம் குறித்தால், வேறு நேர மண்டலத்துக்குப் போனவரின் போனில் அது மறுநாளுக்கு நகரக்கூடும். முதல் ஆறு மாதம் காகித டைரியும் கூடவே ஓடட்டும்.

கறுப்புக் கட்டம் போதாது. அடியில் எழுத்து அப்படியே இருக்கும். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் டிரம்பின் முன்னாள் தேர்தல் பிரசாரத் தலைவர் பால் மனஃபோர்ட் தரப்பு வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த ஆவணத்தில் இதுதான் நடந்தது. மறைத்த வரிகளை நகலெடுத்து ஒட்டியே செய்தியாளர்கள் படித்துவிட்டார்கள். பிடிஎஃப் நிரலில் இருக்கும் நிரந்தர நீக்கக் கருவியையே பயன்படுத்தி, மெட்டாடேட்டாவையும் (கோப்புக்குள் மறைந்திருக்கும் ஆசிரியர் பெயர், தேதி போன்ற விவரங்கள்) துடைத்துப் புதுப் பெயரில் சேமியுங்கள். அனுப்பும் முன் முழுவதையும் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். மறைத்த வரி அங்கே வந்தால் அந்தக் கோப்பு வெளியே போகக் கூடாது.