கழற்ற முடியாத பற்றரியுள்ள மடிக்கணினியை வாங்கலாமா?

கல்லடி வாசகி:

வணக்கம். எனது மகள் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருப்பதால் அவளுக்கு மடிக்கணினி ஒன்று வாங்க வேண்டியுள்ளது. மட்டக்களப்பு நகரிலுள்ள கடையொன்றில் இரண்டைக் காட்டினார்கள். ஒன்று புதியது, அதன் பற்றரி உள்ளே பூட்டப்பட்டுள்ளதால் வெளியிலிருந்து கழற்ற வழியில்லை. மற்றையது பாவித்த லெனோவோ திங்க்பேட் டி480. அதன் பின்புறப் பற்றரியைக் கையாலேயே கழற்றலாம். உள்ளே பூட்டிய பற்றரி பழுதானால் கணினியே போய்விடும், கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டிவரும் என்று கூறி எனது அண்ணர் பழையதையே வாங்கச் சொல்கிறார். இப்போது வருவதெல்லாம் இப்படித்தான், அதில் குறையேதும் இல்லை என்கிறார் கடைக்காரர். மகள் வந்தாறுமூலையில் விடுதியில் தங்கிப் படிப்பாள். மின்தடையையும் வெக்கையையும் கருத்திற்கொண்டு, அனுபவமுள்ளவர்கள் இரண்டின் நன்மை தீமைகளையும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

அக்கரைப்பற்று திருத்துநர்:

சகோதரி, உங்கள் அண்ணரின் அச்சம் காரணமற்றதல்ல; ஆனால் உள்ளே இருக்கும் பற்றரி எல்லாம் மாற்ற முடியாத பற்றரி என்று அவர் கருதுவது சரியல்ல. நீங்கள் பார்த்த டி480 இலும் வெளிப் பற்றரிக்கு மேலதிகமாக, உள்ளே இன்னொரு பற்றரி இருக்கிறது. ஒன்றைக் கழற்றும்போது மற்றையது கணினியை அணையாமல் தாங்கிக்கொள்ளும். 2018 இல் வந்த அந்த மாதிரிக்கு அடுத்ததான டி490 இல் வெளிப் பற்றரியை நிறுவனமே கைவிட்டுவிட்டது.

உள்ளிருக்கும் பற்றரிகளில் இரு வகை உண்டு. முதலாவது வகையில் அடிமூடியின் திருகாணிகளைக் கழற்றி, இணைப்பியை விடுவித்து, பற்றரியைப் பிடித்திருக்கும் சில திருகாணிகளையும் அகற்றிவிட்டால் வேலை முடிந்தது. பழக்கமுள்ளவருக்கு அரைமணி நேரம்கூடத் தேவைப்படாது. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ செய்துகொள்ளலாம். டெல், எச்பி, லெனோவோ ஆகியவற்றின் அலுவலகப் பாவனைக்கான மாதிரிகள் பெரும்பாலும் இவ்வகையே. இரண்டாவது வகையில் பற்றரி உடலோடு பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அப்பிள் நிறுவனம் 2012 இல் வெளியிட்ட, ரெட்டினா திரையுள்ள மக்புக் புரோ இதற்கு நன்கறியப்பட்ட உதாரணம். பசையைக் கரைத்தோ இளக்கியோ, பற்றரிக்குள் இருக்கும் மின்கலங்களை வளைக்காமல் பிரித்தெடுக்க வேண்டும்; கலம் துளைபட்டால் தீப்பற்றும். உங்கள் அண்ணர் சொன்னது இந்த இரண்டாவது வகைக்கே பொருந்தும்.

நிறுவனங்கள் பற்றரியை உள்ளே கொண்டுபோனதற்கு இலாப நோக்கம் மட்டுமே காரணம் என்று கூறுவோர் உண்டு. அது முழு நியாயமாகாது. கழற்றும் பற்றரிக்கெனத் தனியே வலுவான பிளாஸ்டிக் கூடு, கொளுவி, தொடுமுனைகள் எல்லாம் தேவை. அந்தக் கூட்டுக்குள் பெரும்பாலும் 18 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருளைக் கலங்களே இருக்கும். அவற்றுக்குப் பதிலாகத் தட்டையான பொலிமர் கலங்களை நேரடியாக உடலுக்குள் வைக்கும்போது அந்த இடத்தையும் மின்சாரத்தைச் சேமிக்கப் பயன்படுத்தலாம். 2009 இல் 17 அங்குல மக்புக் புரோவில் பற்றரியை உள்ளே பூட்டிய அப்பிள், முந்தைய பற்றரிகளின் 300 சார்ஜ் சுழற்சிகளுக்குப் (முழுக் கொள்ளளவு ஒருமுறை தீர்ந்து மீண்டும் ஏறுவது ஒரு சுழற்சி) பதிலாக 1000 சுழற்சிகள் வரை அது உழைக்கும் என்று அறிவித்தது.

ஆனால் பற்றரி வீங்கும்போதும், தேநீர் கொட்டும்போதும் கழற்றும் வகைக்கு நிகரில்லை. தேநீர் கொட்டினால் சார்ஜரைப் பிடுங்கி, பற்றரியையும் உடனே கழற்றிவிட்டால் மதர்போட் பெரும்பாலும் தப்பும். உள்ளே பூட்டியதில் மின்னிணைப்பை அந்நேரம் துண்டிக்க வழியில்லாததால், ஈரத்தின் ஊடாக மின் பாய்ந்து அரிப்பு தொடங்கிவிடுகிறது. எனது மேசைக்கு வரும் இத்தகைய கணினிகளில் பல, பற்றரி இணைப்பில் இருந்ததாலேயே வீணானவை.

வாகரை வெளிக்கள உத்தியோகத்தர்:

திருத்துநர் ஐயா கூறியவற்றோடு ஒரு விடயத்தில் எனக்கு உடன்பாடில்லை. மின்சாரம் இல்லாத இடத்தில் நாள் முழுவதும் வேலை செய்பவருக்கு, முழுதாகச் சார்ஜ் செய்த இரண்டாவது பற்றரி பையில் இருப்பதைப்போல எதுவும் உதவாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலானபோது, கழற்றும் பற்றரி வைத்திருந்த நாங்கள் கிராமங்களில் பதிவு வேலையை நிறுத்தாமல் செய்தோம். உள்ளே பூட்டிய பற்றரிக்காரர்கள் பிற்பகலிலேயே மூடி வைத்துவிட்டார்கள். மாணவிக்கும் அது பயன்படும். டி480 ஐ வாங்கி, மேலதிகப் பற்றரி ஒன்றையும் எடுத்துக் கொடுங்கள் என்பதே எனது ஆலோசனை.

அக்கரைப்பற்று திருத்துநர்:

தம்பி சொல்வது அந்தக் காலத்துக்குச் சரி. இன்று அந்த மேலதிகப் பற்றரியை எங்கே வாங்குவது? பழைய மாதிரிகளுக்கு "ஒரிஜினல்" என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பல போலியானவை. உண்மையானவையும் களஞ்சியத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவையாக இருக்கலாம். லித்தியம் அயன் கலம் பாவிக்காமல் வைத்திருந்தாலும் மூப்படையும். பழைய கூட்டைப் பிளந்து புதிய கலங்களைப் பற்றவைத்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். அதை ஒரு மாணவியின் கட்டிலுக்கருகே வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் கணினியென்றால், 65 வற்று தரக்கூடிய பவர்பேங்க் ஒன்று அதே வேலையைச் செய்யும், கைப்பேசிக்கும் உதவும்.

ஒலுவில் விரிவுரையாளர்:

வெக்கையைப் பற்றியும் சகோதரி கேட்டிருந்தார். 35 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூழல் பற்றரியின் கொள்ளளவை நிரந்தரமாகக் குறைக்கலாம் என அப்பிள் நிறுவனம் எச்சரிக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில், மின்விசிறி இல்லாத அறையில் அந்த அளவு நமக்குப் புதிதல்ல. வெப்பத்தோடு எந்நேரமும் 100 சதவீதத்தில் நிறைந்திருப்பதும் சேரும்போதுதான் கலம் விரைவில் மூப்படைகிறது. உள்ளே பூட்டிய பற்றரியைக் கழற்றி வைக்க முடியாதென்பதால், ஏறக்குறைய 80 சதவீதத்தோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் வசதி அந்தக் கணினியில் உண்டா என்று கடையிலேயே கேளுங்கள். இன்று பல நிறுவனங்கள் தமது மென்பொருளில் இதனைத் தருகின்றன. மெத்தைமீது வைத்துப் பாவிப்பதை மகள் தவிர்க்க வேண்டும். தொடுபலகை மேலெழுந்தாலோ மூடி சரியாகப் பொருந்தாமல் போனாலோ அது பற்றரி வீங்குவதன் அறிகுறி; உடனே சார்ஜ் செய்வதை நிறுத்திவிட வேண்டும்.

இன்னொரு தகவல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 ஆம் ஆண்டுப் பற்றரி ஒழுங்குவிதி, 2027 பெப்ரவரி 18 முதல், இத்தகைய சாதனங்களின் பற்றரியைச் சாதாரணக் கருவிகளாலேயே, வெப்பமோ கரைப்பானோ இன்றி, பாவனையாளர் தாமே கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. திருகாணியை அது தடுக்கவில்லை, பசையைத்தான் குறிவைக்கிறது. நமது நாட்டுக்கு அது சட்டமல்ல எனினும், ஒரே மாதிரியைப் பல நாடுகளுக்கும் விற்கும் நிறுவனங்களின் வடிவமைப்பு அதனால் மாறக்கூடும்.

கல்லடி வாசகி:

அனைவருக்கும் நன்றி. கடையிலுள்ள புதிய கணினி திருகாணி வகையா, பசை வகையா என்பதைத் திறக்காமலே அறிய முடியுமா? திறந்தால் உத்தரவாதம் இல்லாமற் போய்விடும் என்கிறார் கடைக்காரர்.

அக்கரைப்பற்று திருத்துநர்:

அறியலாம். அடிப்பக்க ஒட்டுத்தாளிலுள்ள முழு மாதிரி எண்ணைப் படமெடுத்து வாருங்கள். டெல், எச்பி, லெனோவோ ஆகிய மூன்று நிறுவனங்களும் தமது மாதிரிகளுக்கான பராமரிப்புக் கையேட்டை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. அதில் பற்றரியை அகற்றும் பக்கத்தைப் பார்த்தால் திருகாணிகளின் எண்ணிக்கையோடு படம் இருக்கும். பற்றரியின் உதிரிப்பாக எண்ணும் பெரும்பாலும் கிடைக்கும். அந்த எண்ணுக்குரிய பற்றரியை இன்று எடுத்துத் தர முடியுமா, என்ன விலை என்று கடைக்காரரிடமே கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் புதியதையே வாங்குங்கள். மழுப்பினால் வேறு மாதிரியைப் பாருங்கள். டி480 ஐத்தான் எடுப்பதென்றால், விண்டோஸின் பற்றரி அறிக்கையை உங்கள் முன்னிலையில் எடுக்கச் சொல்லி, இரண்டு பற்றரிகளுக்கும் ஆரம்பக் கொள்ளளவையும் இப்போதைய முழுக் கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே விலை பேசுங்கள்.