சின்னப் பாய்மரப் படகில் பாதுகாப்புக் கயிறு தேவையா?

சுக்கான்பிடி:
என்னுடையது 25 அடிப் படகு. நாலு எட்டு வைத்தால் அணியம், அதாவது படகின் முன்முனை, வந்துவிடும். இதில் மார்புப் பட்டியையும் படகையும் இணைக்கும் கயிற்றை மாட்டிக்கொண்டு நகர்ந்தால் காலில் சிக்குகிறது, பாய்க்கயிறு சுற்றும் வின்ச் உருளையில் மாட்டுகிறது. கயிற்றோடு விழுந்தால் படகு தரதரவென்று இழுத்துக்கொண்டே போகும், மூச்சுவிட முடியாது. லைஃப் ஜாக்கெட் போதும்.

கடல்மகள்:
போதாதுங்க. 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கி.மீ.) வேகத்தில் போகும் படகு ஒரே நிமிடத்தில் 150 மீட்டர் தள்ளிப் போய்விடும். இருவர் போகும் படகில் ஒருவர் விழுந்தால், மற்றவர் தனியாளாகப் படகைத் திருப்பி, அலைக்குள் ஒரு தலையைத் தேட வேண்டும். எரிக் தபார்லி அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் பந்தயத்தில் இரண்டு முறை ஜெயித்தவர். 1998 ஜூனில் ஓர் இரவு, பாயை மாற்றும்போது கடலில் விழுந்தார். கயிறு மாட்டியிருக்கவில்லை. கூட ஆட்கள் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

சுக்கான்பிடி:
2017இல், உலகைச் சுற்றும் கிளிப்பர் படகுப் பந்தயத்தில் ஒருவர் கயிறு மாட்டியிருந்தும் இறந்தாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கடல்மகள்:
அதில் கயிற்றின் கொக்கி, தளத்திலிருந்த கிளீட்டின் (கயிறு கட்டும் கட்டையின்) அடியில் சிக்கி, பக்கவாட்டில் இழுபட்டு வளைந்து கழன்றுவிட்டது. நேராக இழுத்தால் தாங்கும் கொக்கி பக்கவாட்டில் தாங்காது. ஆகவே கொக்கி எங்கே போய்ச் சிக்கும் என்று தளத்தைச் சுற்றிப் பாருங்கள்.

நீங்கள் சொல்லும் இழுபடும் பயம் நியாயமானது. ஆனால் அது நீளக் கயிற்றால் வருவது. 2 மீட்டர் கயிற்றை ஓரத்தில் மாட்டினால் தண்ணீரில்தான் கிடப்போம். உங்கள் படகின் அகலம் இரண்டரை மீட்டர் இருக்குமா? நடுவிலிருந்து விளிம்புக்கு ஒன்றேகால்தான். ஜாக்லைனை, அதாவது கொக்கியை மாட்டத் தளத்தில் நீளவாக்கில் ஓடும் பட்டையை, நடுவில் இறுக்கிக் கட்டி 1 மீட்டர் கயிற்றை மாட்டினால், பெரும்பாலும் விளிம்பைத் தாண்டவே மாட்டீர்கள். நைலான் பட்டை மட்டும் வேண்டாம், நனைந்தால் நெகிழும். பாலியெஸ்டர் போடுங்கள்.

அலைவாசி:
குறுக்கே வருகிறேன். டிங்கி என்ற சிறு திறந்த படகில் இதைச் செய்யாதீர்கள். அது கவிழ்வது சகஜம், அடியில் மாட்டிக்கொள்வீர்கள். பெரிய படகிலும் மார்புப் பக்கக் கொக்கி பாரம் இழுக்கும்போதே கழற்றக்கூடியதாக இருக்கட்டும்.

சுக்கான்பிடி:
நடுவில் கட்டும் யோசனை சரி. இரவிலும் தனியாகப் போகும்போதும் மாட்டுகிறேன். பகலில், இளங்காற்றில் மாட்ட மாட்டேன். காற்று ஏறினால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கடல்மகள்:
இளங்காற்றில் மாட்டாவிட்டால் போகிறது. ஆனால் ஜாக்லைனையாவது கிளம்பும் முன்பே கட்டி வையுங்கள். காற்று ஏறிய பிறகு அதைக் கட்டவே அணியம்வரை கயிறில்லாமல் போக வேண்டியிருக்கும்.